வாசகர் பதிப்பாளரான கரை

பிடித்த நூலை அடுத்தவர் கையில் கொடுப்பதோடு நிற்காமல் அதை அச்சிடவும் மொழிபெயர்க்கவும் அட்டவணைப்படுத்தவும் துணிந்த கல்முனைக் கரையோர ஊர்களின் வாசிப்பு வரலாறும், அதன் இன்றைய நிலையும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் ஏ-4 பெருந்தெரு பெரிய நீலாவணையைத் தாண்டியதும் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. மருதமுனையின் ஒழுங்கைகளுக்குள் கைத்தறியின் தடதடப்பு, பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில், கல்முனைக்குடியின் கரையில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேறும் கடற்கரைப் பள்ளிவாசல், சாய்ந்தமருதைக் கடந்தால் விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு எனத் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து வரும் இவ்வரிசையில், ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைப் பெயர்ப்பலகையின் துணையின்றி வெளியூரார் சொல்லிவிட முடியாது. கிழக்கே கூப்பிடு தூரத்தில் கடல்; மேற்கே வீடுகள் ஓய்ந்த இடத்திலிருந்து கண்ணுக்கெட்டும் மட்டும் வயல், இப்பகுதி வழக்கில் வட்டை. நெல், மீன், நெசவு ஆகியவற்றால் மட்டுமே வெளியே அறியப்பட்ட இக்கரையின் பெயர், 1970களில் அச்சான சில மெலிந்த தமிழ் நூல்களின் உள்தாளில், ‘வாசகர் சங்க வெளியீடு, கல்முனை’ என்ற ஒற்றை வரியாக நிற்கிறது.

தெய்வத்தின் பெயரையோ உரிமையாளரின் குடும்பப் பெயரையோ தாங்குவதே தமிழ்ப் பதிப்பகங்களின் பழைய வழக்கமாயிருக்க, அந்நூல்களை வெளியிட்டவர்கள் தங்களை வாசகர் என்று மட்டுமே சொல்லிக்கொண்டார்கள். அச்சொல்லில் அடக்கத்தைவிடக் கொள்கையே கூடுதலாக இருந்தது. ஒரு நூலைப் பிடித்துப்போனவர் அதைப் பற்றிப் பேசுவதும் இரவல் கொடுப்பதும் எங்கும் நடப்பதுதான். பேசத் தகுந்த நூல் இன்னும் நூலாகவே வரவில்லை என்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இக்கரையினர் கண்ட விடையே இக்கட்டுரையின் பொருள்.

கிதாபும் புத்தகமும்

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பேச்சில் வாசிப்புக்கு இரண்டு சொற்கள் நெடுங்காலம் பக்கம்பக்கமாக வழங்கின. அரபு எழுத்தில் அமைந்த சமய நூல் கிதாபு, அதை ஓதுவார்கள். தமிழெழுத்தில் அமைந்தது புத்தகம், அதைப் படிப்பார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, தமிழ்மொழியை அரபு எழுத்தால் எழுதும் அரபுத்தமிழ் என்ற முறையும் இருந்ததால், தமிழெழுத்து அறியாத பெண்களும் தமிழ் நூல்களை வாசிக்க முடிந்தது என்பது கல்வி வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத ஒன்று. கிஸ்ஸா எனப்படும் கதைப்பாடல், மசலா எனப்படும் வினாவிடை நூல், முனாஜாத்து எனப்படும் இறைஞ்சற்பாட்டு, மாலை ஆகியன வீட்டுத் திண்ணையில் ஒருவர் இராகமிட்டு வாசிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பதற்கென்றே அமைந்தவை. உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்குப் பொருள் சொல்லும் இரவுகளும் அத்தகையனவே. ஆக, இக்கரையில் நூல் என்பது தொடக்கம் முதலே பலர் கூடிக் கேட்கும் பொருளாக இருந்தது. தனித்திருந்து கண்ணால் மௌனமாக வாசிப்பது பாடசாலை கொண்டுவந்த பிற்காலப் பழக்கம்.

பாடசாலையோடு வாசிகசாலையும் வந்தது. இலங்கையில் பத்திரிகைகளும் சில நூல்களும் வைக்கப்பட்ட ஊர்ப் பொது வாசிப்பிடத்துக்கு வாசிகசாலை என்று பெயர். மாலையில் வயலிலிருந்தும் கடையிலிருந்தும் திரும்புவோர் அங்கே கூடுவர். 1960களில் ஆசிரியத் தொழில் இக்கரையின் படித்த இளைஞரின் முதன்மையான தொழிலாகியபோது, தூரத்து ஊர்களுக்கு மாற்றலாகிப் போன ஆசிரியர்கள் அங்கே கண்டெடுத்த நூல்களை விடுமுறைக்குத் திரும்புகையில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் இந்திய வார, மாத இதழ்களின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியதும் கைக்குக் கிடைத்த ஒரு பிரதிக்குப் பெறுமதி பலமடங்காயிற்று. அட்டை கழன்று, தைத்து, மீண்டும் கழன்ற நிலையில் ஒரு நாவல் ஊர் ஊராகப் போய்வரும் ஏற்பாட்டுக்கு அலுவலகமோ பதிவேடோ கிடையாது. ‘இரவல்’ என்ற சொல் ஒன்றே அதன் சட்டம். அதே கட்டுப்பாடு உள்நாட்டு வெளியீட்டுக்கு வாய்ப்பாகவும் அமைந்து, கொழும்பில் வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களைத் தொடராக வெளியிடும் நிலையைத் தோற்றுவித்தது. கல்முனையில் அதே காலத்தில் நடந்தது அதைவிடச் சிறியது. ஆனால் அதன் விளைவு நீண்டது.

அளவெட்டிக் கவிஞர், கல்முனை அச்சு

பெரிய நீலாவணையில் 1931 இல் பிறந்த நீலாவணன், 1960களில் இப்பகுதியின் எழுத்தாளர்களை ஒரு சங்கமாகக் கூட்டியவர். ‘பாடும் மீன்’ என்ற இதழையும் நடத்தினார். பாண்டிருப்பைச் சேர்ந்த சண்முகம் சிவலிங்கம் (1936–2012), கல்முனைக்குடியில் 1944 இல் பிறந்த எம்.ஏ. நுஃமான், மருதமுனையைச் சேர்ந்த சிறுகதையாளர் மருதூர்க்கொத்தன் ஆகியோர் அச்சூழலில் வளர்ந்தவர்கள். சைவரும் முஸ்லிமும் ஒரே பாயில் இருந்து கவிதை பேசியதை இன்றைய வாசகர் ஒரு நல்லிணக்கச் செயற்றிட்டமாக எண்ணிவிடக் கூடாது. நல்லிணக்கம் என்ற சொல்லுக்கு அன்று தேவையே எழுந்திருக்கவில்லை; அடுத்த ஊரில் கவிதை தெரிந்தவர் இருக்கிறார் என்பதே அவர்கள் போய்வரப் போதுமான காரணமாயிருந்தது.

நுஃமானும் சண்முகம் சிவலிங்கமும் சேர்ந்து 1969, 1970 ஆண்டுகளில் ‘கவிஞன்’ என்ற இதழைக் கொண்டுவந்தார்கள். கவிதைக்கென்றே ஓர் இதழ் நடத்துவது எக்காலத்திலும் கைப்பணம் கரைக்கும் காரியம். சில இதழ்களோடு அது நின்றது. ஆனால் அதே ஆண்டுகளில் நுஃமானின் முயற்சியால் இயங்கத் தொடங்கிய வாசகர் சங்கம், யாழ்ப்பாணக் குடாநாட்டின் அளவெட்டியில் பிறந்த து. உருத்திரமூர்த்தியின், அதாவது மஹாகவி என்ற புனைபெயரால் அறியப்பட்ட கவிஞரின் நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டது. ‘கோடை’ என்ற பா நாடகம் 1970 இல் வந்தது. சாதாரண மனிதர்களின் வாழ்வைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் ‘ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்’ என்ற காவியம், அவர் நாற்பத்து நான்கு வயதில் மறைந்த அதே 1971 இல் வந்தது. கவிதைகளின் தொகுப்பான ‘வீடும் வெளியும்’ 1973 இல் வந்தது.

இச்செயலின் அருமை அக்கால இலக்கியச் சூழலை நினைவுகூர்ந்தால்தான் விளங்கும். மஹாகவி அப்போது பெயரில்லாதவர் அல்லர். ‘வள்ளி’ 1955 இலும், ஐந்தடிகளில் நகையும் குத்தலும் வைக்கும் ‘குறும்பா’ 1966 இலும் நூல்களாக வந்திருந்தன. ஆயினும், ஒரு படைப்பின் சமூக நோக்கை முதல் அளவுகோலாகக் கொண்ட முற்போக்கு விமர்சனம் ஈழத்தில் மேலோங்கியிருந்த அவ்வாண்டுகளில், அணி சாராத இக்கவிஞருக்கு அவ்விமர்சனம் உரிய இடம் தரவில்லை என்பது பின்னர் பலமுறை எடுத்துரைக்கப்பட்ட குறை. அவருக்காக வாதிட யாழ்ப்பாணத்திலேயே ஆட்கள் குறைவாயிருந்தபோது, முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், வேறொரு பேச்சு வழக்கும் வேறொரு சமயமும் கொண்ட ஊரின் இளைஞர் ஒருவர் அவ்வாதத்தை அச்சு வடிவில் முன்வைத்தார். சண்முகம் சிவலிங்கம், பாரதிக்குப் பிந்திய தமிழ்க் கவிதையின் போக்கில் வைத்து மஹாகவியை விரிவாக மதிப்பிட்டு எழுதினார். ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்ற வாசகரின் சொல்லுக்கு அதைவிடப் பாரமான சான்று கொடுக்க முடியாது: ஒருவர் பணத்தை வைத்தார், மற்றவர் தர்க்கத்தை வைத்தார்.

■ பெட்டிச் செய்தி: வாசகர் சங்கத்தின் உள்தாளில்

கோடை (பா நாடகம், மஹாகவி) – 1970
ஒரு சாதாரண மனிதனது சரித்திரம் (காவியம், மஹாகவி) – 1971
வீடும் வெளியும் (கவிதைகள், மஹாகவி) – 1973
தாத்தாமாரும் பேரர்களும் (நெடுங்கவிதைகள், எம்.ஏ. நுஃமான்) – 1977
இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம் (சி. மௌனகுரு, மௌ. சித்திரலேகா, எம்.ஏ. நுஃமான்) – 1979
பலஸ்தீனக் கவிதைகள் (மொழிபெயர்ப்பு, எம்.ஏ. நுஃமான்) – 1981

இது முழுப் பட்டியல் அன்று. ஒரு விடயத்தை மட்டும் கவனிக்கலாம்: முதல் மூன்று நூல்களும் வேறொருவருடையவை. தம் முதற்கவிதை நூலைத் தம் பதிப்பகத்திலேயே முந்திக்கொண்டு வெளியிடும் ஆசையை அடக்கிவைத்த பதிப்பாளர்கள் தமிழில் அதிகம் பேர் இல்லை.

சென்னையிலும் ஒரு வாசகர்

வாசகர் என்ற பெயரைப் பதிப்பகத்துக்கு இட்டவர்கள் கல்முனையார் மட்டுமல்லர். விடுதலைப் போராட்டத் தலைவர் எஸ். சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களின் நடுவில் சென்னையில் தொடங்கிய ‘வாசகர் வட்டம்’, உறுப்பினராகச் சேர்ந்தவர்களுக்குத் தேர்ந்த நூல்களைச் செம்மையான கட்டமைப்பில் கொடுக்கும் திட்டத்தோடு நடந்தது; ஈழம், மலேசியா முதலிய நாடுகளின் தமிழ் எழுத்தைத் திரட்டிய ‘அக்கரை இலக்கியம்’ 1968 இல் அதன் வழியாகவே வந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. சென்னை வட்டத்துக்கு நகரத்து நடுத்தர வர்க்கத்தின் சந்தாவும் நல்ல அச்சகங்களும் வாய்த்தன. கல்முனைச் சங்கத்துக்கு ஆசிரியர் சம்பளமும் நண்பர்களின் தோளுமே வாய்த்தன. சென்னை வட்டத்தின் நூல்கள் கட்டமைப்பின் அழகுக்காகவும் நினைக்கப்படுகின்றன. கல்முனை நூல்களை அழகுக்காக எவரும் நினைப்பதில்லை. இவ்விரண்டில் எவை இல்லாதிருந்தால் இழப்பு பெரிது என்று கேட்டால், பின்னவற்றின் இழப்பே பெரிதாயிருந்திருக்கும். ஏனெனில் சென்னையில் அவ்வெழுத்தாளர்களுக்கு வேறு கதவுகள் இருந்தன.

அந்நூல்கள் செய்தவை

முதல் விளைவு பட்டியலிலேயே தெரிகிறது. 1979 இன் இலக்கிய வரலாறு மூவரின் கூட்டு முயற்சியாயினும், அதை நூலாக்கும் பொறுப்பைக் கல்முனையின் வாசகர் சங்கமே ஏற்றது. ஈழத்துத் தமிழ் இலக்கியத்தை ஒரு நூற்றாண்டின் அளவில் பார்க்க விரும்பும் மாணவர் இன்றும் கையிலெடுக்கும் நூல்களில் அது ஒன்று. நூலைப் பகிரும் பழக்கம் வளர்ந்து, எந்த நூலை ஏன் பகிர வேண்டும் என்ற மதிப்பீட்டுக்கு வந்து நின்ற இடம் அது.

இரண்டாவது விளைவு கடல் கடந்தது. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ 1984 இல் சென்னையின் க்ரியா வெளியீடாக வந்து, ஈழத்துக் கவிதையைத் தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு முழுமையாக அறிமுகப்படுத்தியது. அப்பதினொருவரில் மஹாகவி இருந்தார் என்பதை விடவும் கூர்ந்து நோக்கத்தக்க கணக்கு ஒன்று உண்டு: நீலாவணன், சண்முகம் சிவலிங்கம், நுஃமான் ஆகிய மூவரும் பெரிய நீலாவணைக்கும் கல்முனைக்குடிக்கும் இடைப்பட்ட, சைக்கிளில் அரை மணிக்குள் கடந்துவிடக்கூடிய ஒரே கரைத்துண்டைச் சேர்ந்தவர்கள். ஒரு நாட்டின் கவிதைத் தொகுப்பில் நாலில் ஒரு பங்குக்கும் மேலான இடத்தை இவ்வளவு சிறிய நிலம் பெற்றதற்குத் தொகுப்பாளரின் ஊர்ப்பற்றைக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. அம்மூவரின் கவிதைகளும் அந்த ஐயத்தைத் தாங்கிக்கொள்ளும். ஒருவர் எழுதியதை மற்றவர் உடனுக்குடன் வாசித்து, பிடித்ததைப் பிடித்தது என்றும் பிடிக்காததை ஏன் பிடிக்கவில்லை என்றும் சொல்லக்கூடிய அண்மையில் வாழ்ந்தார்கள் என்பதே பொருத்தமான காரணம்.

மூன்றாவது விளைவு எதிர்பாராதது. 1981 இல் வந்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’, மஹ்மூத் தர்வீஷ் முதலிய கவிஞர்களை ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூன் 1 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அப்போது யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய நுஃமான் அவ்வழிவைக் குறித்து எழுதிய ‘புத்தரின் படுகொலை’ இலங்கையில் அடிக்கடி எடுத்தாளப்படும் கவிதைகளுள் ஒன்றாயிற்று. நிலம் இழந்தவர், வீதித் தடையில் அடையாள அட்டை காட்டுபவர், வீடு திரும்ப முடியாதவர் ஆகியோரின் குரலை ஒரு பலஸ்தீனக் கவிஞரிடம் கேட்ட ஈழத்து இளைஞர்கள், சில ஆண்டுகளுக்குள் அதே அனுபவத்தைத் தம் தெருவில் கண்டார்கள். 1980களின் ஈழத்து எதிர்ப்புக் கவிதையில் அம்மொழிபெயர்ப்பின் செல்வாக்கைத் திறனாய்வாளர்கள் பலர் சுட்டியுள்ளனர். ஒரு வாசகர் தமக்குப் பிடித்த அந்நிய எழுத்தாளரைத் தம் மொழியினரோடு பகிர்ந்துகொண்டதன் விளைவாக ஒரு தலைமுறையின் கவிதைமொழியே அசைந்தது என்பதற்குத் தமிழில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு காண்பது கடினம்.

பாதை அடைபட்ட ஆண்டுகள்

1985 ஏப்ரலில் இக்கரையில் வெடித்த தமிழ்–முஸ்லிம் மோதல்களும், 1990 இன் படுகொலைகளும் சைக்கிளில் அரை மணி என்ற தூரத்தைக் கடக்க முடியாத தூரமாக்கின. அடுத்த ஊருக்குள் கால்வைப்பது உயிராபத்தாக இருந்த மாதங்களில் இரவல் நூலைத் திருப்பிக் கொடுக்கப் போவது எங்ஙனம்? வெளியூர் வரலாறுகள் அக்காலத்தை உயிரிழப்புகளின் எண்ணிக்கையாலும் எல்லைகளாலும் மட்டும் எழுதுகின்றன. உரியவரிடம் திரும்பாமல் பிறர் அலுமாரியில் தங்கிவிட்ட நூல்களின் கணக்கு எதிலும் ஏறவில்லை.

ஆயினும் முற்றிலும் அறுந்துவிடவில்லை. 1980களின் பிற்பகுதியில் உமா வரதராஜனை ஆசிரியராகக் கொண்டு கல்முனையிலிருந்து ‘வியூகம்’ இதழ் வந்தது. 1988 இல் உமா வரதராஜனின் ‘உள்மன யாத்திரை’ சிறுகதைகளும், சோலைக்கிளியின் ‘எட்டாவது நரகம்’ கவிதைகளும் நூலாயின. கல்முனையைச் சேர்ந்த சோலைக்கிளி, ஊர்ப் பேச்சின் சொற்களையும் காகம், பூனை, வண்ணத்துப்பூச்சி போன்ற எளிய உயிர்களையும் கொண்டு கட்டிய விசித்திரமான படிமங்கள், அதாவது காட்சியாக நிற்கும் உவமைகள், புரிகின்றனவா இல்லையா என்ற தகராறை வாசகரிடையே கிளப்பின. அத்தகராறு ஆரோக்கியமானது, நூலை வாசித்தவர்களுக்கிடையில் மட்டுமே அப்படியொரு தகராறு நடக்க முடியும். அவருடைய அடுத்த தொகுப்பான ‘காகம் கலைத்த கனவு’ 1991 இல் நோர்வேயில் புலம்பெயர்ந்தோர் நடத்திய சுவடுகள் பதிப்பகத்தின் வழியாக வந்தது. கல்முனையில் பக்கத்து ஊருக்குப் போக முடியாத கவிதை ஒஸ்லோவுக்குப் போய் நூலாகித் திரும்பியது.

அதன்பின் எம். பௌசரை ஆசிரியராகக் கொண்ட ‘மூன்றாவது மனிதன்’ 1990களில் நீண்ட நேர்காணல்களாலும் அச்சு நேர்த்தியாலும் நாடெங்கும் வாசகரைப் பெற்றது. 2000களில் அக்கரைப்பற்றிலிருந்து ‘பெருவெளி’ இதழும் அதைச் சூழ்ந்த இளைஞர்களும், முந்திய தலைமுறை மதித்த யதார்த்தவாதத்தை, உள்ளதை உள்ளபடி காட்ட முயலும் எழுத்துமுறையை, கடுமையாகக் கேள்விக்குட்படுத்தினார்கள். சாய்ந்தமருதைச் சேர்ந்த அனார், ‘ஓவியம் வரையாத தூரிகை’ (2004) தொடங்கித் தமிழ்நாட்டிலும் பரவலாக வாசிக்கப்படும் கவிஞரானார். அவர் தொகுத்த ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ (2013), கிழக்கிலங்கை நாட்டார் பாடல்களை, இவ்வூர் வழக்கில் ‘கவி’ எனப்படுபவற்றை, நூலாக்கியது. இக்கரையின் பெண்களுக்கு மேடையிலோ வாசிகசாலையிலோ இடம் கிடைப்பது அரிதாயிருந்த காலத்தில், அவர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்ட நூலகம் அக்கவிகளே. வயலிலும் அடுப்படியிலும் வாய்மாறி வந்த அவற்றுக்கு நூலாசிரியர் பெயர் கிடையாது. ராத்தா தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தது என்பதே அவற்றின் பதிப்புரை.

2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேலாக, இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனை தொடங்கிக் காரைதீவு வரை கரையோர வீடுகள் அடியோடு போயின; வீட்டோடு அலுமாரியும், அலுமாரியோடு மறுபிரதி இல்லாத சிற்றிதழ்களும் போயின. இறந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்த ஊரில் அவற்றை எவரும் எண்ணவில்லை, எண்ணியிருக்கவும் கூடாது.

■ பெட்டிச் செய்தி: பட்டியலும் ஒரு பகிர்வே

சாய்ந்தமருதைச் சேர்ந்த கல்வியாளர் எஸ்.எச்.எம். ஜெமீல், இலங்கை முஸ்லிம்கள் எழுதிய நூல்களைத் தேடித்தேடி விவரப்பட்டியலாக்கி, ‘சுவடி ஆற்றுப்படை’ என்ற தலைப்பில் 1994 முதல் பல பாகங்களாக வெளியிட்டார். ஆற்றுப்படை என்பது, பரிசு பெற்ற கலைஞர் ஒருவர் வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞருக்கு வள்ளலின் ஊரையும் வழியையும் சொல்லி அனுப்பும் சங்க இலக்கியத் துறை. நூற்பட்டியலுக்கு அப்பெயரை இட்டதிலேயே பொருள் இருக்கிறது: தாம் கண்டடைந்த நூலுக்கு அடுத்த வாசகரை வழிப்படுத்தும் வேலை அது. இப்பகுதியின் நாட்டார் பாடல்களை ‘கிராமத்து இதயம்’ என்ற நூலாகத் தொகுத்தவரும் அவரே.

உறையும் முதற்பிரதியும்

2012 குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ ஆறரை இலட்சம் மக்களைக் கொண்ட அம்பாறை மாவட்டத்தில் நூற்றுக்கு 43 பேர் முஸ்லிம்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. ஊர்தோறும் பொது நூலகம் உண்டு. தேசிய வாசிப்பு மாதமான ஒக்டோபரில் பாடசாலைகளில் போட்டிகளும் ஊர்வலங்களும் உண்டு. நூல்களும் முன்னெப்போதையும் விடக் கூடுதலாக வருகின்றன. ஆனால் ஒரு நூல் வாசகரைச் சந்திக்கும் இடம் மாறிவிட்டது. இன்று அவ்விடம் நூல் வெளியீட்டு விழா.

அதன் ஒழுங்கு இக்கரையில் அனைவரும் அறிந்தது. கிராஅத் எனப்படும் திருக்குர்ஆன் ஓதலோடு தொடங்கி வரவேற்புரை, தலைமையுரை, நூல் அறிமுகவுரை, நயவுரை ஆகியன நடந்ததும், முதற்பிரதி என்ற சடங்கு வரும். ஊரின் வர்த்தகர் ஒருவர் மேடையேறி முதற்பிரதியை வாங்க, அவரைத் தொடர்ந்து சபையோர் வரிசையில் சென்று, பணம் வைத்த கடித உறையைக் கொடுத்துப் பிரதியைப் பெறுவர். பிரதம அதிதியின் உரையும் நூலாசிரியரின் ஏற்புரையும் முடிவதற்குள் சபையின் பாதி கலைந்திருக்கும். நயவுரை என்பது நூலின் நயங்களை எடுத்துக்காட்டும் பேச்சு. பெயரிலேயே குறை சொல்லக் கூடாது என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது.

இவ்விழாவை இகழ்ந்து பேசுவது எளிது, அது நியாயமாகாது. ஐந்நூறு பிரதிகள் அச்சிடும் ஓர் ஆசிரியருக்கு நாடளாவிய விநியோகம் என்ற ஒன்று கிடைப்பதில்லை. புத்தகக் கடைகள் பாடநூல்களாலும் வினாத்தாள் தொகுப்புகளாலும் வாழ்கின்றன. அச்சுக்கூலியை ஒரே மாலையில் மீட்டுத் தரும் ஒரே வழி அந்த உறைதான். நண்பர்களும் உறவினரும் ஊராரும் வாசிக்காவிட்டாலும் எழுதுபவரைக் கைவிடுவதில்லை என்பதற்கு அது சான்று; உலகின் பல பணக்கார நாடுகளில் முதல் நூல் எழுதுபவருக்குக் கிடைக்காத ஆதரவு அது.

ஆனால் அதன் விளைவையும் சொல்லியாக வேண்டும். உறை கொடுத்து வாங்கிய நூல் வாசிக்கப்படாவிட்டாலும் கடன் தீர்ந்துவிடுகிறது. இரவல் வாங்கிய நூலில் அப்படி நேராது. திருப்பிக் கொடுக்கும்போது ‘எப்படி இருந்தது?’ என்ற கேள்விக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். பழைய ஏற்பாட்டின் முழு வலிமையும் அக்கேள்வியில் இருந்தது. இன்று ஒருவர் மற்றவருடைய நூலுக்கு நயவுரை ஆற்றுகிறார், மற்றவர் அடுத்த மாதம் இவருடைய நூலுக்கு ஆற்றுகிறார். இருவரும் தம் சொந்த நூல்களையே கொண்டுவருகிறார்கள். தமக்குப் பிடித்த வேறொருவரின் நூலை, அதுவும் வேறு ஊராரின், வேறு சமூகத்தாரின் நூலைக் கையிலேந்தி ‘இதை வாசியுங்கள்’ என்று சபைக்கு வருபவர் அரிதாகிவிட்டார். 1970 இல் கல்முனையிலிருந்து வந்தது ஓர் அளவெட்டிக் கவிஞரின் நாடகம். இன்று கல்முனையில் அச்சாகும் நூல் பெரும்பாலும் கல்முனையாரின் நூலே. அதை வாங்குவோரும் அவருடைய ஊராரே. நூல்களின் எண்ணிக்கை பெருகியிருக்கையில் அவை செல்லும் தூரம் சுருங்கிவிட்டது என்பதே இக்கரையின் இன்றைய இலக்கிய நிலை பற்றிச் சொல்லத்தக்க நேர்மையான தீர்ப்பு.

இதற்குப் பெருநிதி தேவைப்படும் பரிகாரம் எதுவும் இல்லை. ஊர் நூலகங்களில் மாதம் ஒரு மாலை, நூலாசிரியரை அழைக்காமல், மேடையும் பிரதம அதிதியும் பொன்னாடையும் இல்லாமல், வருபவர் ஒவ்வொருவரும் தாம் எழுதாத ஒரு நூலைக் கொண்டுவந்து பத்து நிமிடம் பேசி, அதை அடுத்தவருக்கு இரவல் கொடுத்துச் செல்லும் ஒரு கூட்டம் போதும். பெண்களுக்கு வசதியான நேரமும் இடமும் பார்த்து அதை அமைத்தால், சபையின் பாதியும் பேச்சின் பாதியும் அவர்களுடையதாகும். மருதமுனையிலிருந்து பாண்டிருப்புக்கும், காரைதீவிலிருந்து சாய்ந்தமருதுக்கும் அக்கூட்டம் மாறிமாறி நடந்தால் பழைய சைக்கிள் பாதை மீண்டும் புழக்கத்துக்கு வரும்.

அதற்கு முன் உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி எவரும் இலவசமாக வாசிக்கும்படி இணையத்தில் வைத்துவருகிறது. கல்முனையிலோ மருதமுனையிலோ நிந்தவூரிலோ சம்மாந்துறையிலோ, வாப்பாவின் பழைய பெட்டியில், மாமாவின் அலுமாரியில், ‘பாடும் மீன்’, ‘கவிஞன்’, ‘வியூகம்’ இதழ்களோ வாசகர் சங்க வெளியீடுகளோ வேறெந்த ஊர்ச் சிற்றிதழோ கிடந்தால், முதலில் அத்தளத்தில் அது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் வருடி முடித்துத் திருப்பித் தரும்படி கேட்டு இரவலாகக் கொடுங்கள்.